ஆரம்பப் பாடசாலையின் ஒரு வாரம்

விருதுநகர் ஜில்லாவில், வத்திராயிருப்புக்கு அருகே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ள கூமாப்பட்டி என்னும் சிற்றூரின் பெயர் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திடீரென்று தமிழ்நாடெங்கும் அடிபட்டது. ஊர் இளைஞர் ஒருவர் கைபேசியில் எடுத்து வெளியிட்ட சலனப் படமே அதற்குக் காரணம். தம் ஊரின் நீரையும் மரத்தையும் பார்க்க வாருங்கள் என்று அவர் விடுத்த அழைப்பைக் கேட்டு ஜனங்கள் திரள் திரளாகச் சென்றார்கள். பிளவக்கல் அணையின் பெயரும், அதன் நீரால் விளையும் நெல் வயல்களின் பெயரும், தென்னந் தோப்புகளின் பெயரும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. அணைப் பூங்காவைச் செப்பனிடுவது பற்றிச் சர்க்காரும் யோசிக்கலாயிற்று. ஓர் ஊரின் அழகு நாடறியப் புகழ் பெறுவதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் ஊரைக் காணப் போனவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்துப் பாடசாலைச் சாளரத்தின் அருகே ஒரு கணமேனும் நின்றிருப்பார்கள்? அணையில் இந்த வாரம் எத்தனை அடி நீர் இருக்கிறது என்று கேட்டால் ஊரில் எவரும் பதில் சொல்வார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு சிறு கதையைத் தட்டுத் தடுமாறாமல் வாசிப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்வோர் அரிது. கூமாப்பட்டிக்கு மாத்திரம் உரிய குறையன்று இது. தமிழ்நாட்டின் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் குறை. ஆகையால் எந்தப் பாடசாலையையும் தனியே சுட்டாமல், அறுபது குழந்தைகளும் இரண்டு உபாத்தியாயர்களும் உள்ள ஒரு கிராம ஆரம்பப் பாடசாலையை மனத்தில் வைத்துக்கொண்டு, அங்கே திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு குழந்தை பெறும் கல்வி எவ்வளவு என்று இன்று கணக்கிட முற்படுகிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லுவோம். காலையில் அக்குழந்தை வெறும் வயிற்றோடு உட்காருவதில்லை. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. பின்னர் உதவி பெறும் பாடசாலைகளையும் சேர்த்துச் சுமார் 20 லட்சம் குழந்தைகளுக்கு எட்டியது. மத்தியானத்தில் சோறும் முட்டையும் உண்டு. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பரவிய மத்தியான உணவும், 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் விரிவாக்கிய சத்துணவும் இட்ட அஸ்திவாரத்தின்மேல் எழுந்த கட்டடம் இது. புத்தகம் இலவசம், சீருடை இலவசம். பெண் குழந்தையும் ஆண் குழந்தையும் ஒரே பாயில் அமர்கிறார்கள். ஜாதி கேட்டு ஒருவரையும் வாயிலில் நிறுத்தச் சட்டம் இடங்கொடாது.

இவை அற்பமான வெற்றிகள் அல்ல. 1822-ஆம் ஆண்டு சென்னை மாகாணக் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ நாட்டுப் பாடசாலைகளைப் பற்றி விசாரணை செய்வித்தார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பாடசாலைகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். அந்நிய ஆட்சி வருமுன் இந்நாடு எழுத்தறியாத காடாக இருந்தது என்பவர்களின் வாயை அடைக்கும் சான்று இது. ஆயினும் அதே கணக்கில் பெண்களின் தொகை 4,540 மாத்திரமே என்பதை நாம் மறைத்தலாகாது. தீண்டாமைக் கொடுமையால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்குத் திண்ணையின் படி பெரும்பாலும் ஏற முடியாத படியாகவே இருந்தது. அந்தப் படியைத் தகர்த்தது நம் காலத்தின் சாதனை. குழந்தைகளைப் பாடசாலைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். சேர்ந்த பிறகு அவர்கள் கற்கிறார்களா என்பதே இனி நம்முன் நிற்கும் பிரச்னை.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரையில் ஆண்டுக்கு 200 நாட்களும் 800 மணி நேரமும் போதனை நடைபெற வேண்டுமென விதிக்கிறது. நாள் ஒன்றுக்கு 4 மணி. ஐந்து நாட்கள் கொண்ட வாரத்துக்கு 20 மணி. அதே சட்டத்தின் அட்டவணை, 60 குழந்தைகள் வரையில் 2 உபாத்தியாயர் போதும் என்கிறது. 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 120-க்கு மேற்பட்டால் தான் 5 பேர். தலைக்கு இத்தனை என்று பார்த்தால் நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் குழந்தைகளின் தொகை குறைந்தால் வகுப்புகளின் தொகையும் குறைந்துவிடுமா? பத்துக் குழந்தைகள் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் வகுப்பு ஐந்துதான். பாடம் ஐந்து விதந்தான்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு உபாத்தியாயர் என்றால், ஒரு வகுப்பின் 20 மணியில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 8 மணி நேரந்தான் உபாத்தியாயரின் முகம் அவ்வகுப்பை நோக்கியிருக்கும். மற்ற 12 மணியும் அவர் அடுத்த வகுப்பைக் கவனிக்கிறார். இந்த 8 மணியைத் தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று நான்காகப் பகிர்ந்தால் தமிழுக்கு வாரத்தில் 2 மணி. வகுப்பில் 12 குழந்தைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு குழந்தையும் உபாத்தியாயரின் காதருகே தனித்து வாசித்துக் காட்டுவதற்கு வாரம் முழுவதிலும் கிடைப்பது 10 நிமிஷம்! அதுவும், அவர் வேறொன்றும் செய்யாமல் அந்த 2 மணியையும் கேட்பதிலேயே செலவிட்டால். பாட்டையும் கதையையும் பல வகுப்புகளுக்குச் சேர்த்துச் சொல்லலாம் என்பது மெய்யே. அவ்வகையில் சிறிது நேரம் கூடும். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கூட்டுப் போதனை மருந்தாகாது.

வாசிக்கக் கற்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம். தமிழில் 247 எழுத்துக்கள் என்று சொல்லிக் குழந்தையை மலைக்க வைக்க வேண்டியதில்லை; உயிரும் மெய்யும் கால், கொம்பு, சுழி முதலிய குறிகளும் பிடிபட்டால் மற்றவை தாமே வரும். ஆனால் அவை பிடிபடும் விதம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. திங்களன்று ‘ப’வையும் ‘ட’வையும் ‘ம’வையும் தனித்தனியே சொல்லும் பிள்ளை, செவ்வாயன்று ‘படம்’ என்ற சொல்லைக் கண்டு மூன்று ஒலிகளையும் மூன்று துண்டாகச் சொல்லி நிற்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிச் சொல்ல அதற்கு ஒருவர் அருகிலிருந்து காட்ட வேண்டும். புதனன்று அது ஒட்டிக்கொண்டது என்றால், வியாழனன்று ‘பாடம்’ வந்து ஒரு கால் குறுக்கிட்டு மறுபடியும் குழப்புகிறது. வெள்ளியன்று கேட்டுப் பார்த்தால்தான் நிலைத்ததா நழுவியதா என்று தெரியும். கணக்கிலும் இதே கதிதான். 41-லிருந்து 13-ஐக் கழிக்கும்போது ஒன்றிலிருந்து மூன்று போகாதென்று கண்ட பிள்ளை, மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 32 என்று எழுதுகிறது. கடன் வாங்கிக் கழிப்பதன் காரணத்தைப் புளியங்கொட்டையைப் பரப்பி ஒரு முறை காட்டினால் அது ஆயுள் முழுவதும் மறவாது. காட்ட ஆளில்லாத வாரத்தில் 32 என்பதே அதன் மனத்தில் உறைந்துவிடுகிறது.

இந்தத் தொல்லை இன்று தோன்றியதன்று. பரிகாரம் தேடியவர்களும் பலர். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான்; மணலில் விரலால் எழுதப் பழக்குவான். சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதைப் பிள்ளைகளின் பாடசாலையை நடத்திய ஆன்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு தம் பாடசாலையிலும் கையாண்டார். மூத்த மாணாக்கரைக்கொண்டே இளையோருக்குப் போதிக்கச் செய்தார். 1797-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் காலத்தில், ரிஷி வேலிப் பாடசாலையார் கிராமப் பள்ளிகளுக்காக வகுத்த அட்டை முறையைத் தழுவி, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் புகுந்தது. சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடங்கியது. குழந்தையை வயதைக்கொண்டு பாராமல் கற்ற அளவைக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்துப் போதிப்பது அதன் வழி. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் 2025-க்குள் வகை செய்வதே அதன் இலக்கு.

இம்முறைகள் எல்லாம் உபாத்தியாயர் பாராத 12 மணி நேரத்தைப் பாழாகாமல் காப்பதற்கு ஏற்பட்டவை. அவற்றை நாம் குறை கூறவில்லை. அட்டையும் படமும் பாட்டும் பிள்ளைக்கு அச்சத்தைப் போக்கின. பிரம்பைத் தூர எறியச் செய்தன. ஆனால் எந்த அட்டையும் ‘நீ இங்கே தவறினாய்’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்லாது. அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளையே உபாத்தியாயரின் துணையை அதிகமாக வேண்டி நிற்பது. மூன்று நிலைகளுக்கும் ஒருவரே ஓடியாடும்போது, தானே கற்கக்கூடிய பிள்ளை முன்னேறுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை அரும்பாகவே நின்றுவிடுகிறது. வயல் வேலைக்கும் தோப்பு வேலைக்கும் போகும் தாய் தந்தையரின் பிள்ளை அது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முடிவு என்னவாயிற்று? வீடுதோறும் சென்று வாசிப்பைச் சோதிக்கும் ‘அசர்’ என்ற ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர் 2018-ல் நூற்றுக்கு 10.2 என்றும், 2022-ல் 4.8 என்றும் கண்டது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 2021-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரை கொள்ளை நோயின் காரணமாகச் சிறு வகுப்புகள் மூடிக் கிடந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வீழ்ச்சியின் காரணம் விளங்கும். 2024-ஆம் ஆண்டு ஆய்வில் தொகை மீண்டும் உயர்ந்தது. இது உபாத்தியாயர்களின் உழைப்புக்குக் கிடைத்த பலன். ஆயினும் ஐந்தில் ஒரு பங்கை அது தொடவில்லை. கொள்ளை நோய்க்கு முன்பும் பத்தில் ஒருவரே வாசித்தனர் என்னும்போது, நோயின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கண்ணுறங்கலாகாது. இவ்வாய்வின் முறையைப் பற்றி விவாதிப்போர் உண்டு. விவாதிக்கட்டும், தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று பத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு விவாதிக்கட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

இனி, அந்த 8 மணியாவது முழுமையாகக் கிடைக்கிறதா? இரண்டு உபாத்தியாயரில் ஒருவர் வெளியே சென்றால் ஐந்து வகுப்புக்கும் ஒருவரே. வகுப்புக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வாரம் முழுவதும் அப்படி நேர்ந்தால் 8 மணி 4 மணியாகிறது. பத்து நிமிஷம் ஐந்து நிமிஷமாகிறது. கல்விச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உபாத்தியாயரைப் போதனையல்லாத வேலையில் ஈடுபடுத்தலாகாது என்று விதித்து, அதே மூச்சில் மூன்று விலக்குகளையும் வைத்திருக்கிறது: பத்தாண்டுக்கொருமுறை நடக்கும் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு, ஆபத்துக் கால நிவாரணம், தேர்தல். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கியவர்களில் உபாத்தியாயர்களும் இருந்தார்கள். அதன் பின்னே 2026-ஆம் ஆண்டின் சட்டசபைத் தேர்தல். 2026-27-ல் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. இவை நாட்டுக்கு அவசியமான வேலைகள் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் ஜனநாயகத்தின் பட்டியல்களை எழுதுவதற்கு, ஜனநாயகத்தின் வருங்காலப் பிரஜை எழுதக் கற்கும் நேரத்தையே எடுக்க வேண்டுமா? இது போதாதென்று, வருகைப் பதிவு முதல் பற்பல விவரங்கள் வரை கைபேசியில் ஏற்றும் வேலையும் உபாத்தியாயர் தலையிலே விழுகிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் கைபேசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு பழைய சரித்திரத்தை நினைவூட்டுவது அவசியமாகிறது. 1953-ல் ராஜாஜியின் மந்திரி சபை கிராம ஆரம்பப் பாடசாலைகளில் போதனை நேரத்தை நாளொன்றுக்கு 3 மணியாகக் குறைத்து, இரண்டு முறையாகப் பிள்ளைகளைப் பிரித்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. இருக்கும் உபாத்தியாயரையும் கட்டடத்தையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. நோக்கம் எதுவாயினும், பிறப்பால் வந்த தொழிலிலே பிள்ளையைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் முதன் மந்திரியான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அவர் பிறந்தது இதே ஜில்லாவின் விருதுநகரில். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து நடத்தப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்தவர்; குடும்பக் கஷ்டத்தால் படிப்பை இடையிலே விட்டவர். அவர் காலத்தில் சிற்றூர்களுக்கெல்லாம் பாடசாலை வந்தது. பல இடங்களில் ஓராசிரியர் பள்ளியாகவே வந்தது. 1987-ல் மத்திய சர்க்கார் ‘கரும்பலகைத் திட்டம்’ கொண்டுவந்து, பாடசாலைக்குக் குறைந்தது இரண்டு அறையும் இரண்டு உபாத்தியாயரும் வேண்டும் என்றது. ஒன்று இரண்டாவதற்கு முப்பது ஆண்டு சென்றது. இரண்டு மூன்றாவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

அன்று 3 மணி நேரப் போதனை போதாதென்று வீதியில் இறங்கிய நாடு, இன்று வகுப்புக்கு நாளொன்றில் 1 மணி 36 நிமிஷப் போதனையை வாய் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. அன்று அரை நேரம் என்று வெளிப்படையாகச் சட்டமிட்டார்கள், ஆகையால் எதிர்த்தோம். இன்று பாடசாலை காலை முதல் மாலை வரை திறந்திருக்கிறது, மணி அடிக்கிறது, வருகைப் பதிவு நிரம்புகிறது. குறைவு கண்ணுக்குத் தெரியாததால் கோபமும் வரவில்லை.

பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடி ஒன்றாய்ச் சேர்த்தாலென்ன என்று சிலர் கேட்கலாம். மலையடிவாரத்துக் குக்கிராமத்திலிருந்து ஆறு வயதுப் பெண் குழந்தை இரண்டு மூன்று மைல் நடந்து போகுமா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். இந்த வட்டாரத்தில், சிவகாசித் தீப்பெட்டி, வெடிமருந்துத் தொழில்களில் பிள்ளைகளின் விரல்கள் தேய்ந்த காலம் வெகு தொலைவில் இல்லை. அதுபற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து, ஒவ்வொரு குழந்தைத் தொழிலாளிக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று விதித்தது. கூப்பிடு தூரத்தில் பாடசாலை இருந்ததும் அக்கொடுமையை ஒடுக்கத் துணை செய்தது. அதைத் தூரத்துக்குத் தள்ளுவது ஆபத்து.

இருபது பிள்ளைகளுக்கு ஐந்து உபாத்தியாயரா, கஜானா தாங்குமா என்பது அடுத்த கேள்வி. இதில் நியாயம் உண்டு; ஆகையால் நாமும் ஐந்து கேட்கவில்லை. முப்பது குழந்தைகளுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு மூன்றாவது உபாத்தியாயரைத் தருக. அவரை முதல் இரண்டு வகுப்புகளுக்கென்றே வைத்து, வேறெந்த வேலைக்கும் அழைக்காதிருக்க உத்தரவிடுக. அப்பொழுது அவ்விரு வகுப்பும் தலைக்கு வாரம் 10 மணியும், மற்ற மூன்று வகுப்பும் 13 மணிக்கு மேலும் பெறும். வாசிப்பு அஸ்திவாரத்திலேயே உறுதிப்பட்டால், மேல் வகுப்புகளில் பின்தங்கியோருக்கென்று நடத்தும் தனி வகுப்புகளின் செலவும் குறையும். தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்பு வேலைக்கும் வேலையற்ற பட்டதாரிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவித்து அமர்த்துக. ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் லட்சக்கணக்கில் முன்வந்த நாடு இது.

மத்திய சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பி. எம். ஸ்ரீ பாடசாலை ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதைக் காரணமாக்கி, 2024-25-ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதியில் தமிழ்நாட்டின் பங்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. கொள்கையைப் பற்றிய வாதம் டில்லிக்கும் சென்னைக்கும் நடக்கட்டும். அதன் அபராதத்தைக் கூமாப்பட்டியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஏன் கட்ட வேண்டும்? ‘நிபுண் பாரத்’ என்று 2021-ல் அதே மத்திய சர்க்கார் தொடங்கிய இயக்கமும் மூன்றாம் வகுப்புக்குள் ஒவ்வொரு குழந்தையும் வாசிக்க வேண்டும், 2026-27 அதற்குக் கெடு என்றுதானே சொல்கிறது? ஒரு கையால் கெடு விதித்து மறு கையால் நிதியைப் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்?

கடைசியாக, நம் தேசத் தொண்டர்களுக்கு. சர்க்காரைக் கேட்பது ஒரு கடமை. தாமே செய்வது மற்றொரு கடமை. சட்டத்தின்படி ஒவ்வொரு பாடசாலைக்கும் மேலாண்மைக் குழு உண்டு, அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். அக்குழுவின் கூட்டங்களில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் குழாய் பழுதும் பேசப்படுகின்றன. பேசட்டும். அதோடு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெற்றோர் முன்னிலையில் அரைப் பக்கம் வாசித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். தவறும் பிள்ளையை ஏசாதீர்கள். உபாத்தியாயரைக் குற்றஞ் சாட்டாதீர்கள். அந்த மாதத்தில் எத்தனை நாட்கள் எத்தனை உபாத்தியாயர் வகுப்பில் இருந்தார்கள் என்ற கணக்கையும் பக்கத்திலே எழுதி ஊர் மன்றத்தில் ஒட்டுங்கள். இரண்டு கணக்கையும் ஒருங்கே பார்க்கும் ஊர் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தானே அறிந்துகொள்ளும்.

அணையில் நீர் குறைந்தால் விவசாயி மடையருகே போய் நிற்கிறார், அதிகாரியைக் கேட்கிறார், தம் முறை நீரை ஒரு நாழிகையும் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளையின் வாரத்தில் குறைந்த மணிகளையும் அதே உரிமையோடு அவர் கேட்கும் நாள் வர வேண்டும்.